ஒரே பெயர், இரண்டு வேலை: ஸ்கீமில் ஒரு மாறி மேக்ரோவாக மாறினால்

ஸ்கீம் மொழியில் நாலே நாலு கட்டளை. ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து, ஒவ்வொன்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டே போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

(டிஃபைன் (இரட்டி அ) (* 2 அ))

(டிஃபைன் (கணக்கு ஆ) (இரட்டி ஆ))

(டிஃபைன்-சின்டாக்ஸ் இரட்டி
  (சின்டாக்ஸ்-ரூல்ஸ் ()
    ((_ இ) (* 200 இ))))

(கணக்கு 5)

முதல் வரியில் 'இரட்டி' ஒரு சாதாரண ஃபங்ஷன். இரண்டாவது வரியில் 'கணக்கு' என்ற இன்னொரு ஃபங்ஷன் அதைக் கூப்பிடுகிறது. மூன்றாவதில் அதே 'இரட்டி' என்ற பெயரை எடுத்து மேக்ரோவாக மாற்றிவிடுகிறோம். வித்தியாசம் பளிச்சென்று தெரியவேண்டும் என்பதற்காக 2-க்குப் பதில் 200. இப்போது நாலாவது வரிக்கு என்ன விடை வரும்?

10 வரலாம். 1000 வரலாம். பிழைச்செய்தி வரலாம். எந்த ஸ்கீமில் ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இதில் வேடிக்கை என்னன்னா, 1998-ல் வந்த ஸ்கீம் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு இந்த மூன்றில் ஒன்றைக்கூட "இது தப்பு" என்று சொல்ல முடியாது. ஒரு மொழியின் வரையறை ஏன் இப்படி ஒரு ஓட்டையை விட்டுவைத்தது என்று தோண்டப்போனால், லிஸ்ப் குடும்பத்தின் ஐம்பது வருட வரலாறு கூடவே வருகிறது. அந்தக் குறிப்புகள்தான் இவை.

நிரல் வரிகளில் சாவிச்சொற்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருப்பது வெறும் அலங்காரம் இல்லை. 2007-ல் வந்த ஆர்6ஆர்எஸ் தரநிலைப்படி ஸ்கீம் பெயர்களில் யூனிகோட் எழுத்துகள் வரலாம். மேக்ரோ கையில் இருப்பதால், 'டிஃபைன்' என்பதைத் தமிழ் எழுத்தில் ஒரு சாவிச்சொல்லாகவே வரையறுத்துக்கொண்டு மேலே உள்ளதை ஓடவும் வைக்கலாம்.

மேக்ரோ எப்போது வேலை செய்கிறது?

ஃபங்ஷன் என்பது நிரல் ஓடும்போது கூப்பிடப்படுவது. அதற்கு மதிப்புகள் போகும், ஒரு மதிப்பு திரும்பி வரும். மேக்ரோ அப்படி இல்லை. நிரல் ஓடுவதற்கு முன்பே அது தன் வேலையை முடித்துவிடும். (இரட்டி 5) என்று நீங்கள் எழுதியதை (* 200 5) என்று மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். நிரல் ஓடும் நேரத்தில் மேக்ரோ என்ற ஒன்று இருந்த சுவடே இருக்காது.

ஆக, (இரட்டி ஆ) என்ற வரியைப் பார்த்ததும் மொழி ஒரு முடிவு எடுத்தாகவேண்டும்: இது ஃபங்ஷனைக் கூப்பிடுவதா, அல்லது விரித்து எழுதவேண்டிய மேக்ரோவா? எழுத்தளவில் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. பெயரைத் தேடிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எப்போது தேடுவது, எங்கே தேடுவது என்ற இரண்டு கேள்விகளிலிருந்துதான் மேலே சொன்ன மூன்று விடைகளும் கிளைக்கின்றன.

பட்டியலில் யார் முன்னால்?

ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் பற்றிய தன் கட்டுரையை வெளியிட்டது 1960-ல். மேக்ரோ அதில் இல்லை. 1963 அக்டோபரில் எம்ஐடி-யின் செயற்கை நுண்ணறிவுக் குழுவில் டிமதி ஹார்ட் எழுதிய 57-ஆம் எண் குறிப்புதான் லிஸ்புக்கு மேக்ரோவைக் கொண்டுவந்தது.

அந்தக் கால லிஸ்பில் ஒவ்வொரு சிம்பலுக்கும், அதாவது ஒவ்வொரு பெயருக்கும், ஒரு பண்புப் பட்டியல் உண்டு. வீட்டு வாசலில் பல பெயர்ப்பலகைகள் தொங்குவதுபோல. நிரலாளர் எழுதிய ஃபங்ஷன் என்றால் 'எக்ஸ்பிஆர்' என்ற தலைப்பின்கீழ் இருக்கும். எந்திரமொழியில் உள்ளது 'சப்ஆர்'. வாதங்களைக் கணக்கிடாமல் அப்படியே வாங்கிக்கொள்ளும் வகை 'எஃப்எக்ஸ்பிஆர்'. ஒரே பெயரின்கீழ் இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை ஒரே நேரத்தில் இருக்கவும் தடை இல்லை.

பிறகு எம்ஐடி-யில் வளர்ந்த மேக்லிஸ்பில் 'மேக்ரோ' என்பதும் இதே பட்டியலில் ஒரு தலைப்பாக உட்கார்ந்தது. ஒரு பெயரைக் கூப்பிடும்போது இன்டர்ப்ரெட்டர் அந்தப் பட்டியலை முன்னாலிருந்து பார்த்துக்கொண்டே வரும். ஃபங்ஷன் வகைத் தலைப்புகளில் எது முதலில் கண்ணில் படுகிறதோ அதை எடுத்துக்கொள்ளும். நம்முடைய புதிருக்கு இங்கே விடை எளிது: பட்டியலில் யார் முன்னால் நிற்கிறார்களோ அவர்களுக்கே பெயர். தத்துவம் எதுவும் கிடையாது, வரிசை மட்டும்தான்.

கம்பைலர் இடையில் வந்தால் மட்டும் கதை மாறும். கம்பைலர் மேக்ரோவை ஒரே ஒரு முறை விரித்து, விரித்ததை எந்திரமொழியாக்கிவிடும். பிறகு பட்டியலில் யார் முன்னால் வந்தாலும் அந்தப் பழைய எந்திரமொழிக்குத் தெரியாது. அதே நிரல் இன்டர்ப்ரெட்டரில் ஒரு மாதிரியும் கம்பைல் செய்தால் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும் சிக்கல் அப்போதே இருந்தது.

1975: ஒரே வீட்டில் எல்லோரும்

ஜெரால்ட் சஸ்மனும் கை ஸ்டீலும் ஸ்கீமை அறிமுகப்படுத்தியது 1975 டிசம்பரில், எம்ஐடி-யின் 349-ஆம் குறிப்பில். கார்ல் ஹியூவிட்டின் ஆக்டர் கோட்பாட்டைப் புரிந்துகொள்ள, மேக்லிஸ்புக்குள் எழுதிய ஒரு சின்ன இன்டர்ப்ரெட்டர் அது. அதில் இரண்டு பெரிய முடிவுகள் இருந்தன.

ஒன்று, பெயர்கள் எழுதப்பட்ட இடத்தின் எல்லைக்குக் கட்டுப்பட்டவை. ஒரு ஃபங்ஷனுக்குள் வரும் பெயருக்கு, அந்த ஃபங்ஷன் எழுதப்பட்ட இடத்தில் என்ன பொருளோ அதுதான் பொருள். கூப்பிடப்படும் இடத்தில் உள்ள பொருள் அல்ல. இரண்டு, ஃபங்ஷன்களுக்கும் மற்ற மாறிகளுக்கும் ஒரே பெயர்வெளி. ஃபங்ஷனும் ஒரு மதிப்பு. மாறிக்குள் வைக்கலாம், எடுக்கலாம், கைமாற்றலாம். மேக்லிஸ்பின் பல பெயர்ப்பலகைகள் போய் ஒரே பலகை வந்தது.

சரி, மேக்ரோ என்ன ஆனது? அந்த முதல் இன்டர்ப்ரெட்டரில் அது பழைய இடத்திலேயே தங்கிவிட்டது. அடைப்புக்குறிக்குள் முதலில் ஒரு பெயர் வந்தால், அந்தச் சிம்பலின் பண்புப் பட்டியலில் மேக்ரோ இருக்கிறதா என்று முதலில் பார்க்கும். இல்லை என்றால்தான் மாறியைத் தேடும். அதாவது மேக்ரோவுக்கு எல்லை கிடையாது. ஒரு ஃபங்ஷனின் வாதத்துக்கு மேக்ரோவின் பெயரையே வைத்தாலும், அடைப்புக்குறியின் தொடக்கத்தில் அது வந்தால் ஜெயிப்பது மேக்ரோதான். எல்லையை மதிக்கும் மொழியில் மேக்ரோ மட்டும் எல்லை தெரியாத விருந்தாளி.

1986-ல் வந்த ஆர்3ஆர்எஸ் அறிக்கை இதற்கு ஒரு நேரடி வழி வைத்திருந்தது. 'இஃப்', 'லாம்டா', 'டிஃபைன்' போன்றவற்றை ஒரு பட்டியலாகப் போட்டு, இவற்றை மாறிகளாகப் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டது. சில ஸ்கீம்கள் அதை அனுமதிக்கின்றன, ஆனால் அப்போது வரும் குழப்பங்களை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் தீர்க்கின்றன என்ற எச்சரிக்கையும் அங்கேயே இருந்தது. நம்முடைய புதிரின் விதை அந்த எச்சரிக்கைதான்.

சுத்தபத்தம் வந்த கதை

அதே 1986-ல் இண்டியானா பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கட்டுரை வந்தது. யூஜின் கோல்பெக்கர், டேனியல் ஃப்ரீட்மன், மத்தியாஸ் ஃபெலைசன், புரூஸ் டுபா எழுதியது. "சுத்தமான மேக்ரோ விரிவு" என்று தலைப்பைத் தமிழாக்கலாம்.

அவர்கள் கையிலெடுத்த பிரச்சினை இது. 'அல்லது' என்று ஒரு மேக்ரோ எழுதுகிறோம். முதல் மதிப்பை 'தற்காலிகம்' என்ற மாறியில் வைத்து, அது உண்மையாக இருந்தால் அதையே திருப்பித் தரும். இல்லையென்றால் இரண்டாவதைத் தரும். எல்லாம் நன்றாக ஓடும், அதைப் பயன்படுத்துகிறவர் தன் நிரலிலும் 'தற்காலிகம்' என்று ஒரு மாறி வைத்திருக்காத வரை. வைத்திருந்தால், மேக்ரோ உள்ளே கொண்டுவந்த பெயர் அவருடைய பெயரை விழுங்கிவிடும். இதற்கு எதிர்ப்புறமும் உண்டு. மேக்ரோ தன் விரிவில் 'இஃப்' என்று எழுதுகிறது. பயன்படுத்துகிறவரோ அந்த இடத்தில் 'இஃப்' என்ற பெயரில் ஒரு மாறி வைத்திருக்கிறார். மேக்ரோ எழுதியவர் நினைத்த 'இஃப்' வேறு, கிடைத்த 'இஃப்' வேறு.

1975-ல் ஃபங்ஷன்களுக்குக் கொடுத்த வாக்குறுதியை மேக்ரோவுக்கும் நீட்டுவதுதான் தீர்வு: ஒரு பெயருக்கு அது எழுதப்பட்ட இடத்தில் உள்ள பொருளே பொருள். இதைத் திறமையாகச் செய்யும் வழிகள் அடுத்த ஏழெட்டு ஆண்டுகளில் வந்தன. ஆலன் பாடன், ஜோனதன் ரீஸ் 1988-ல். வில்லியம் கிளிங்கரும் ரீஸும் 1991-ல். கென்ட் டிப்விக், ராபர்ட் ஹீப், கார்ல் புருக்மன் 1990-களின் தொடக்கத்தில். 1991-ன் ஆர்4ஆர்எஸ் அறிக்கையில் மேக்ரோ பின்னிணைப்பில்தான் இருந்தது. 1998-ன் ஆர்5ஆர்எஸ் அறிக்கையில் மொழியின் உடலுக்குள்ளேயே வந்துவிட்டது.

ஆர்5ஆர்எஸ்-இல் ஒதுக்கப்பட்ட சொற்கள் கிடையாது. சாவிச்சொல்லும் ஒரு பெயர்தான், மாறியும் ஒரு பெயர்தான். இரண்டும் ஒரே எல்லை விதிக்குள். உள்ளே இருப்பது வெளியே இருப்பதை மறைக்கும். 'கான்ட்' கட்டளையில் வரும் அம்புக்குறியைக்கூட ஒரு மாறியாக்கி, அதற்குள் அம்புக்குறி தன் சிறப்புப் பொருளை இழப்பதை அறிக்கையே ஒரு உதாரணமாகக் காட்டுகிறது. எல்லை தெரியாத விருந்தாளி கடைசியில் குடும்பத்தில் ஒருவரானார்.

ஆனால் இதெல்லாம் உள்ளே, அடைப்புக்குறிகளுக்குள் நடக்கும் விஷயம். அங்கே மறைப்பதற்குத் தெளிவான தொடக்கமும் முடிவும் உண்டு. நம் நாலு வரிகள் இருப்பது மேல்மட்டத்தில். அங்கே ஒன்று இன்னொன்றுக்கு உள்ளே இல்லை, ஒன்றன் பின் ஒன்றாக வருகிறது. இடம் தீர்த்துவைத்த சிக்கல் நேரத்தின் சிக்கலாகத் திரும்பி வருகிறது.

அறிக்கையின் மௌனம்

மேல்மட்டத்தில் 'டிஃபைன்' செய்வது பற்றி ஆர்5ஆர்எஸ் என்ன சொல்கிறது? பெயர் ஏற்கெனவே ஒரு மாறியாக இருந்தால், மறுபடி டிஃபைன் செய்வது அந்த மாறிக்குப் புது மதிப்பைப் போடுவதற்குச் சமம். இது முக்கியமான வாக்குறுதி. லிஸ்ப் நிரலாளர்களின் அன்றாட வாழ்க்கையே இதன்மேல்தான் நிற்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் ஒரு ஃபங்ஷனில் பிழை கண்டால், அதை மட்டும் திருத்தித் திரும்ப டிஃபைன் செய்தால் போதும். அதைக் கூப்பிடும் நூறு ஃபங்ஷன்களும் அடுத்த நொடியிலிருந்து புதியதையே கூப்பிடும். எதையும் நிறுத்தவேண்டாம்.

'டிஃபைன்-சின்டாக்ஸ்' பற்றி? மேல்மட்டத்தின் தொடரியல் சூழலில் அந்தப் பெயர் மேக்ரோவோடு பிணைக்கப்படும் என்பதோடு முடிந்தது. அந்தப் பெயர் ஏற்கெனவே மாறியாக இருந்தால் அந்த மாறி என்ன ஆகும்? அழியுமா, மறையுமா, பின்னால் உயிரோடு இருக்குமா? சொல்லவில்லை. ஒரு வகைத் தவறைப் பற்றி மட்டும் பேசுகிறது: ஒரு கட்டளை 'டிஃபைன்' கட்டளையா இல்லையா என்று முடிவு செய்யத் தேவைப்படும் பெயரையே மறுவரையறை செய்யாதீர்கள். (டிஃபைன் டிஃபைன் 3) என்று எழுதுகிற குறும்பர்களுக்கான விதி அது. நம்முடைய 'இரட்டி'யை அது தொடவில்லை.

ஐம்பதே பக்கத்தில் ஒரு மொழியை வரையறுத்த அறிக்கை அது. சொல்லாமல் விட்டதும் அந்தச் சுருக்கத்தின் ஒரு பகுதிதான். ஆனால் ஸ்கீமை உருவாக்கிக் கொடுப்பவர்கள் மௌனத்தை ஓடவைக்க முடியாது. அவர்கள் ஏதாவது ஒன்றைச் செய்தே ஆகவேண்டும்.

எங்கே எழுதி வைத்தார்கள்?

ஸ்கீம்கள் இந்த இடத்தில் பிரிவதற்குப் பெரும்பாலும் மொழித் தத்துவம் காரணம் இல்லை. கணக்கு வைக்கும் முறைதான் காரணம். "இந்தப் பெயர் மேக்ரோ" என்ற தகவலை எந்த இடத்தில் குறித்து வைக்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே விடையை ஊகித்துவிடலாம்.

முதல் வகை, இரண்டு தனித்தனிப் பேரேடுகள். மதிப்புகளுக்கு ஒன்று, மேக்ரோக்களுக்கு ஒன்று. சிக்கன் ஸ்கீம் இப்படித்தான். மாறியின் மதிப்பு சிம்பலோடு இருக்கும். மேக்ரோ விவரம் தனிப் பட்டியலில். மூன்றாவது வரி மேக்ரோப் பேரேட்டில் மட்டும் புதிதாக எழுதுகிறது. மதிப்புப் பேரேட்டில் பழைய ஃபங்ஷன் அப்படியே இருக்கிறது. 'கணக்கு' ஃபங்ஷன் ஏற்கெனவே "மதிப்புப் பேரேட்டில் இரட்டியைப் பார்" என்று மொழிமாற்றப்பட்டுவிட்டது. எனவே விடை 10. நீங்களே நேரடியாக (இரட்டி 5) என்று தட்டினால் மட்டும் 1000. ஒரே பெயர், ஒரே நேரத்தில், இரண்டு உயிர்.

இரண்டாவது வகை, ஒரே பேரேடு. கைல் ஸ்கீமில் மேக்ரோவும் ஒரு பொருளாகவே மாட்யூலின் மாறிக்குள் வைக்கப்படுகிறது. மூன்றாவது வரி அதே மாறிக்குள் இருந்த ஃபங்ஷனைத் தூக்கிவிட்டு மேக்ரோவை வைக்கிறது. 'கணக்கு' வந்து அந்த மாறியைத் திறந்து உள்ளே இருப்பதைக் கூப்பிடப் பார்க்கிறது. கிடைத்தது ஃபங்ஷன் அல்ல. "கூப்பிட முடியாத வகை" என்ற பொருளில் பிழைச்செய்தி வருகிறது, கூடவே மேக்ரோப் பொருளின் பெயரும். கைல் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தச் செய்தி பழக்கமானது. மேக்ரோவை வரையறுப்பதற்கு முன்பே அதைப் பயன்படுத்தும் நிரலை மொழிமாற்றினாலும் இதே செய்திதான் வரும்.

மூன்றாவது, எம்ஐடி ஸ்கீம். இங்கேயும் ஒரே பேரேடுதான், ஆனால் உள்ளே வைப்பது வெறும் பொருள் அல்ல, ஒரு பொறி. மாறியின் இடத்தில் "இங்கே இப்போது மேக்ரோ இருக்கிறது" என்ற சிறப்புக் குறி வைக்கப்படுகிறது. சாதாரண மாறி என்று நினைத்து யாராவது தொட்டால், மாறியைப் படிக்கும் அடிமட்ட எந்திரமே அதைக் கவனித்துப் பிழையை எழுப்பும். செய்தியும் தெளிவு: மாறியாக நீங்கள் பார்க்கும் 'இரட்டி' ஒரு சாவிச்சொல். கூப்பிட்டால்தான் என்று இல்லை, வெறுமனே படித்தாலும் அகப்படும். கைலில் அந்த மேக்ரோப் பொருள் யார் கைக்காவது போய், பிறகு எங்கோ கூப்பிடும்போதுதான் வெடிக்கக்கூடும். இங்கே தொட்ட இடத்திலேயே வெடிக்கும்.

1000 எப்போது வரும்? மேக்ரோவை முன்கூட்டியே விரிக்காமல், நிரல் ஓடும்போது விரிக்கும் பழைய பாணி இன்டர்ப்ரெட்டர்களில். ஒவ்வொரு தடவையும் விரிப்பவை உண்டு. முதல் தடவை ஓடும்போது மட்டும் விரித்து, அதை நினைவில் வைத்துக்கொள்பவையும் உண்டு. கைலின் 1.8 வரையிலான பழைய இன்டர்ப்ரெட்டர், 'டிஃபைன்-மேக்ரோ' வகை மேக்ரோக்களை இந்தச் சோம்பேறி முறையில்தான் விரித்தது. இந்த முறையில் ஒரு விபரீதம் உண்டு. மூன்றாவது வரிக்கு முன் நீங்கள் 'கணக்கு' ஃபங்ஷனை ஒரு தடவை சும்மா ஓட்டிப் பார்த்திருந்தால், அது அப்போதே "இது ஃபங்ஷன்" என்று உறைந்திருக்கும். ஓட்டாமல் இருந்திருந்தால் மேக்ரோவைப் பார்க்கும். சோதித்துப் பார்த்தோமா இல்லையா என்பதே விடையை மாற்றுகிறது!

கவனிக்கவேண்டிய இன்னொன்று. டிப்விக் குழு வெளியிட்ட, எந்த ஸ்கீமிலும் பொருத்திக்கொள்ளக்கூடிய மேக்ரோ விரிப்பான் பல ஸ்கீம்களில் ஏறியது. 2011-ல் வந்த கைல் 2.0-வும் அதைத்தான் தன் மையத்தில் வைத்தது. அந்த விரிப்பான், மேல்மட்ட மேக்ரோவை எங்கே குறித்துவைப்பது என்பதைச் சில சிறு கொக்கிகள் வழியாக, ஏற்றுக்கொள்ளும் ஸ்கீமிடமே விட்டுவிடுகிறது. கைல் அந்தக் கொக்கியைத் தன் மாட்யூல் மாறியில் மாட்டியது. தனி அட்டவணையில் மாட்டியிருந்தால் அதே விரிப்பானோடு 10 வந்திருக்கும். மேக்ரோ ஆராய்ச்சி முழுக்க ஒன்றாக இருந்தும், கடைசியில் ஒரு கொக்கி மாட்டிய இடம் விடையைத் தீர்மானிக்கிறது.

மாட்யூல் வந்ததும்

2002-ல் மேத்யூ ஃப்ளாட் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பின் பின்பாதி, "எப்போது வேண்டும் உங்களுக்கு?" என்கிற தொனியில் ஒரு கேள்வி. ராக்கெட்டின் முன்னோடியான பிஎல்டி ஸ்கீமுக்காக அவர் வகுத்த முறையில், மொழிமாற்றும் நேரமும் ஓடும் நேரமும் கறாராகப் பிரிக்கப்படுகின்றன. ஒரு மாட்யூலுக்குள் ஒரு பெயருக்கு ஒரே வரையறைதான். நம்முடைய முதல் வரியும் மூன்றாவது வரியும் ஒரே மாட்யூலில் இருந்தால், ஏற்கெனவே வரையறுக்கப்பட்ட பெயர் என்று சொல்லி ஓடவே விடாது.

2007-ன் ஆர்6ஆர்எஸ் இதே பாதையில் போனது. நூலகங்கள், முழு நிரல்கள் என்ற இரண்டை மட்டும் வரையறுத்தது. ஒவ்வொரு வரியாகத் தட்டிப் பதில் வாங்கும் ஊடாட்ட முறையைப் பற்றிப் பேசவே இல்லை. இரட்டை வரையறை பிழை. புதிர் தீர்ந்தது என்று சொல்வதைவிட, புதிர் நடக்கக்கூடிய இடத்தையே அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று சொல்வது சரியாக இருக்கும்.

ஆனால் இதனால் வேறு ஒரு வித்தியாசம் கூர்மையானது. முதல் வரியை எடுத்துவிட்டு மற்றதை ஓர் உடலுக்குள் போடுங்கள்:

(லெட் ()
  (டிஃபைன் (கணக்கு ஆ) (இரட்டி ஆ))
  (டிஃபைன்-சின்டாக்ஸ் இரட்டி
    (சின்டாக்ஸ்-ரூல்ஸ் () ((_ இ) (* 200 இ))))
  (கணக்கு 5))

ஆர்6ஆர்எஸ்-படி இங்கே 1000 வரும். 'கணக்கு' மேக்ரோவுக்கு முன்னால் எழுதப்பட்டிருந்தாலும் பரவாயில்லை. முதலில் எல்லா வரையறைகளின் பெயர்களையும் சேகரித்துவிட்டு, பிறகுதான் ஃபங்ஷன்களின் உள்ளே போய் விரிக்கவேண்டும் என்பது விதி. இதே வரிகளை ஊடாட்ட முறையில் ஒவ்வொன்றாகத் தட்டினால்? 'கணக்கு' உள்ளே போகும்போது மேக்ரோ இன்னும் பிறக்கவில்லை. முன்கூட்டியே விரிக்கும் ஸ்கீம்களில் அது 'இரட்டி'யை மாறி என்றே நினைத்துக்கொள்ளும், கடைசியில் பிழைதான். வரிகள் அதே வரிகள், வரிசையும் அதே வரிசை. மொத்தமாகப் படித்தால் ஒரு பொருள், ஒவ்வொன்றாகப் படித்தால் வேறு பொருள். ராக்கெட் வட்டாரத்தில் மேல்மட்டம் திருத்தவே முடியாத கேஸ் என்று அலுத்துக்கொள்வதற்கு இந்த மாதிரி விஷயங்கள்தான் காரணம்.

2013-ன் ஆர்7ஆர்எஸ் ஊடாட்ட முறையை அறிக்கைக்குள் திரும்பக் கொண்டுவந்தது. நம் புதிரையும் ஓரளவு தொட்டது. பெயர் ஒரு சாவிச்சொல்லாக இருந்து அதை 'டிஃபைன்' செய்தால், புதிதாக ஓர் இடம் ஒதுக்கி அந்த மாறியைப் பிணைக்கவேண்டும் என்கிறது. மேக்ரோவிலிருந்து மாறிக்குப் போகும் பாதை தெளிவானது. மேல்மட்டத்தில் 'டிஃபைன்-சின்டாக்ஸ்' செய்தால் அந்தப் பெயரின் முந்தைய விரிவுகள் மாறாது என்றும் சொல்கிறது. பழைய மேக்ரோவைப் புது மேக்ரோவாக்கும்போது இது தெளிவான விதி. மாறியிலிருந்து மேக்ரோவுக்குப் போகும்போது, பழைய நிரலில் இருப்பது விரிவு அல்ல, ஒரு மாறியைப் பார்க்கும் வழி. அந்த வழியின் மறுமுனையில் என்ன இருக்கவேண்டும்? அதை ஆர்7ஆர்எஸ்-உம் ஸ்கீம்களின் கையில்தான் விட்டிருக்கிறது.

எது நல்ல விடை?

10 தருகிற ஸ்கீமுக்கு ஒரு நியாயம் உண்டு. 'கணக்கு' எழுதப்பட்டபோது 'இரட்டி' ஒரு ஃபங்ஷன். எழுதப்பட்ட இடத்துப் பொருளே பொருள் என்பதுதானே 1975 முதல் ஸ்கீமின் கொள்கை? பழைய நிரலுக்குப் பழைய பொருளைக் கொடுப்பது அந்தக் கொள்கைக்கு விசுவாசம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே ஸ்கீமில் 'இரட்டி'யை ஃபங்ஷனாகவே மறுபடி டிஃபைன் செய்தால் 'கணக்கு' உடனே புதியதைப் பார்க்கும். ஒரு வகை மாற்றம் பரவும், இன்னொரு வகை பரவாது. பரவாததை யாரும் சொல்லவும் மாட்டார்கள். ஓடிக்கொண்டிருக்கும் நிரலைத் திருத்துகிற ஒருவரை எண்ணிப் பாருங்கள். வேகத்துக்காக ஒரு ஃபங்ஷனை மேக்ரோவாக மாற்றுகிறார். கூடவே அதிலிருந்த பிழையையும் சரி செய்கிறார். சோதனைக்கு நேரடியாகத் தட்டிப் பார்த்தால் சரியான விடை. மற்ற ஃபங்ஷன்கள் எல்லாம் பிழையுள்ள பழையதையே கூப்பிட்டுக்கொண்டிருக்கின்றன, சத்தமே இல்லாமல். மறுநாள் எல்லாவற்றையும் நிறுத்தித் திரும்ப ஏற்றும்போது விடைகள் வேறாகின்றன. எது மாறியது என்று தேடினால் கோப்பில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது.

அதனால் என் ஓட்டு எம்ஐடி ஸ்கீமுக்கு. அது பழைய பொருளையும் தரவில்லை, புதிய பொருளையும் ஊகிக்கவில்லை. ஃபங்ஷனுக்காக மொழிமாற்றிய நிரலுக்கு மேக்ரோவைக் கொடுக்க வழியே இல்லை. விரிக்கும் நேரம் கடந்துவிட்டது. கடந்துவிட்டது என்று சொல்வதுதான் நேர்மை. கைலும் கத்தத்தான் செய்கிறது, ஆனால் என்ன நடந்தது என்பதை நாமே ஊகிக்கவேண்டும். பெயரின் வகை மாறிவிட்டது என்று எம்ஐடி ஸ்கீம் நேராகச் சொல்லிவிடுகிறது. அதற்காக அவர்கள் மாறியைப் படிக்கும் அடிமட்டத்திலேயே ஒரு பொறியை வைக்க வேண்டியிருந்தது. அந்தச் செலவு வீண் இல்லை என்பது என் எண்ணம்.

1988-ல் ரிச்சர்ட் கேப்ரியலும் கென்ட் பிட்மனும் பெயர்வெளிகளைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். எல்லாப் பெயர்களையும் ஒரே வெளியில் வைத்தால் அதன் பாரம் மேக்ரோக்களின் மேல்தான் விழும் என்பது அதில் வரும் முக்கிய வாதங்களில் ஒன்று. அவர்கள் பேசியது பெரும்பாலும் இடத்தைப் பற்றி: யார் பெயர் யார் பெயரோடு மோதும் என்று. அந்த மோதலைச் சுத்தமான மேக்ரோக்கள் பெருமளவு தீர்த்துவிட்டன. மிச்சம் நிற்பது நேரத்தின் மோதல். அதற்கு மாட்யூல்கள் கொடுத்த தீர்வு, பெயரின் வகையை நடுவில் மாற்றாதே என்று தடுப்பது. அதையும் தாண்டி மாற்ற விரும்புகிறவர்களுக்கு நடைமுறை வழி ஒன்றுதான்: மேக்ரோவை முதலில் வரையறுங்கள், பிறகு அதைத் தொடும் ஒவ்வொரு ஃபங்ஷனையும் மறுபடி ஏற்றுங்கள்.

உங்கள் கணினியில் இருக்கும் ஸ்கீமில் அந்த நாலு வரிகளையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வருகிற விடையை வைத்து, அதை எழுதியவர்கள் பேரேட்டை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று மூலநிரலைத் திறக்காமலேயே சொல்லிவிடலாம். பிறகு ஐந்தாவதாக ஒரு வரி சேருங்கள்: 'இரட்டி'யை மறுபடி ஃபங்ஷனாகவே டிஃபைன் செய்துவிட்டு (கணக்கு 5) என்று கேளுங்கள். அதற்கு வரும் விடையிலும் படிக்க நிறைய இருக்கிறது.